ஸ்கேனரும் மின் தராசும் சரியாகச் சொல்கின்றனவா? கடையிலேயே செய்து பார்க்கும் சோதனைகள்



நடுவுநிலைமைக்கு உவமை சொல்ல வந்த திருவள்ளுவர் தராசுக் கோலைத்தான் எடுத்துக்கொண்டார். அந்தக் காலத் தராசில் முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை விற்பவரும் வாங்குபவரும் ஒரே நேரத்தில் பார்ப்பார்கள். சந்தேகம் வந்தால் தட்டு மாற்றி நிறுத்துப் பார்த்துவிடலாம். இன்று நம் மேசையில் இருப்பவை எலெக்ட்ரானிக் தராசும், லேசர் பார்கோடு ஸ்கேனரும். இவை இரண்டும் எண்ணைக் காட்டும். அந்த எண் எப்படி வந்தது என்பதைக் காட்டா. எண் சிவப்பாகப் பளிச்சென்று தெரிவதால் நாமும் நம்புகிறோம், வாடிக்கையாளரும் நம்புகிறார்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலும் லீ பஜாரிலும், நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு கடைவீதிகளிலும் இக்கருவிகள் இல்லாத கடை இன்று குறைவு. வாங்கிய அன்று விற்பனையாளர் காட்டிய சோதனையோடு சரி, அதன் பிறகு பழுதானால்தான் திரும்பிப் பார்க்கிறோம். கருவி நின்றுபோனால் தெரிந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத் தவறிக்கொண்டே ஓடினால் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் வழி ஒன்றுதான்: நமக்கு விடை முன்பே தெரிந்த ஒரு பொருளைக் கருவியிடம் கொடுத்து, அது என்ன சொல்கிறது என்று குறித்த நாளில் பார்ப்பது. அதற்கான சோதனைகளை வரிசையாகப் பார்ப்போம். பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

1. லேசர் ஸ்கேனர் எப்படிப் படிக்கிறது?

1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் டிராய் என்ற ஊர்க் கடையில், ஒரு சூயிங்கம் பாக்கெட்டின் பார்கோடு முதன்முதலாக ஸ்கேனரில் படிக்கப்பட்டு பில் போடப்பட்டது. அன்று முதல் இன்று வரை அடிப்படை மாறவில்லை. ஸ்கேனருக்குள் இருந்து வரும் சிவப்பு லேசர் புள்ளியை, ஆடிக்கொண்டே இருக்கும் ஒரு சிறு கண்ணாடி கோடாக இழுத்துக் காட்டுகிறது. வெள்ளை இடைவெளியில் பட்ட ஒளி திரும்பி வரும். கறுப்புப் பட்டையில் பட்டது திரும்பாது. திரும்பி வரும் ஒளியை ஒரு சென்சார் வாங்கி, எந்தப் பட்டை எவ்வளவு அகலம் என்று கணக்கிட்டு எண்ணாக மாற்றுகிறது.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் விளங்கும். ஒன்று, ஸ்கேனர் அறிவது எண்ணை மட்டுமே. விலையை அது அறியாது. விலை நம் கம்ப்யூட்டரில் நாம் ஏற்றிய பட்டியலிலிருந்து வருகிறது. இரண்டு, சிவப்பு ஒளிக்குச் சிவப்பு மையும் வெள்ளையாகவே தெரியும். ஆகவே வெள்ளைத் தாளில் சிவப்புப் பட்டை அச்சிட்ட லேபிளை நம் கண் படிக்கும், ஸ்கேனர் படிக்காது. சொந்தமாக லேபிள் அடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மூன்று, லேசர் ஸ்கேனர் பட்டைக் கோடுகளை மட்டுமே படிக்கும். கட்டம் கட்டமாக இருக்கும் க்யூ.ஆர். குறியீட்டைப் படிக்கக் கேமரா வகை ஸ்கேனர் வேண்டும். 2027 முடிவதற்குள் சில்லறைக் கடைகள் இந்தக் கட்டக் குறியீட்டையும் படிக்கத் தயாராக வேண்டும் என்று பார்கோடு எண்களை நிர்வகிக்கும் ஜி.எஸ்.1 அமைப்பு உலக அளவில் இலக்கு வைத்திருக்கிறது. புதிதாக வாங்குபவர்கள் இதை மனத்தில் கொண்டு வாங்குவது நல்லது.

2. கடைசி இலக்கமே காவல்காரன்

நம் சரக்குகளில் பெரும்பாலும் இருப்பது 13 இலக்க பார்கோடு. 890 என்று தொடங்கினால் அந்த எண் ஜி.எஸ்.1 இந்தியா அமைப்பு மூலம் பெறப்பட்டது என்று பொருள். பொருள் இந்தியாவில்தான் தயாரானது என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. பதின்மூன்றாவது இலக்கம் சோதனை இலக்கம். முதல் 12 இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு அது வருகிறது. கணக்கு இதுதான்.

உதாரணமாக 890123456789 என்று 12 இலக்கங்களை எடுத்துக்கொள்வோம். இடமிருந்து 1, 3, 5, 7, 9, 11ஆம் இடங்களில் உள்ளவை 8, 0, 2, 4, 6, 8, கூட்டினால் 28. இரட்டைப்படை இடங்களில் உள்ளவை 9, 1, 3, 5, 7, 9, கூட்டினால் 34. இதை மூன்றால் பெருக்க 102. இரண்டையும் கூட்ட 130. இதை அடுத்த பத்தின் மடங்காக்க எவ்வளவு சேர்க்க வேண்டுமோ அதுவே சோதனை இலக்கம். 130 ஏற்கெனவே பத்தின் மடங்கு. ஆகவே சோதனை இலக்கம் 0. முழு எண் 8901234567890.

ஸ்கேனர் ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, சரிவந்தால்தான் 'பீப்' சத்தம் கொடுக்கும். ஏதேனும் ஓர் இலக்கம் மட்டும் தவறினால் கட்டாயம் பிடிபட்டுவிடும். பார்கோடு கிழிந்து, பையன் கையால் எண்ணை அடிக்கும்போது பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை மாற்றி அடித்தாலும் பெரும்பாலும் பிடிபடும். அந்த இரண்டு இலக்கங்களுக்கும் வித்தியாசம் சரியாக 5 இருந்தால் மட்டும் தப்பிவிடும். 16 என்பதை 61 என்று அடிப்பது அப்படிப்பட்டது. ஆகவே கையால் அடித்த எண்ணுக்குத் திரையில் வரும் பொருளின் பெயரையும் பார்க்க வேண்டும்.

3. ஸ்கேனருக்கு மாதச் சோதனை

நல்ல அச்சுள்ள ஒரு பார்கோட்டை வெட்டி அட்டையில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதுவே சோதனை அட்டை.

(அ) அட்டையை 20 முறை காட்டுங்கள். முதல் காட்டுதலிலேயே எத்தனை முறை படிக்கிறது என்று எண்ணுங்கள். சென்ற மாதம் 20க்கு 20 படித்தது இந்த மாதம் 15 என்றால், கண்ணாடியில் மாவுத் தூசியோ கீறலோ இருக்கலாம். மென்மையான துணியால் துடைத்து மீண்டும் பாருங்கள்.

(ஆ) 5, 10, 20 சென்டிமீட்டர் தூரங்களில் வைத்துப் பாருங்கள். நேர் எதிரே பிடித்தால் பளபளப்பான உறையில் ஒளி அப்படியே திரும்பிக் கண்ணைக் கூசச் செய்வதுபோல் சென்சாரையும் குழப்பும். சற்றே சாய்த்துப் பிடிப்பதுதான் முறை.

(இ) திரையில் வந்த 13 இலக்கங்களும் கோடுகளின் கீழ் அச்சிட்ட 13 இலக்கங்களும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். முதல் இலக்கமோ கடைசி இலக்கமோ விடுபட்டால் ஸ்கேனரின் அமைப்பு மாறியிருக்கிறது. கையேட்டில் உள்ள குறியீட்டைக் காட்டிப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம்.

லேசர் ஒளியை யார் கண்ணிலும் காட்டக் கூடாது. குழந்தைகள் விளையாடக் கொடுக்கவே கூடாது.

4. உண்மையான தவறு விலைப் பட்டியலில்

மேலே சொன்ன காரணங்களால் ஸ்கேனர் எண்ணைத் தவறாகப் படிப்பது மிக அபூர்வம். எண் சரியாக இருந்தும் பில் தவறாக வருவதுதான் அதிகம். ஒரே பார்கோடு, இரண்டு எம்.ஆர்.பி. உள்ள சரக்கு அலமாரியில் கலந்திருக்கும்போது இது நேர்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் போன்றவற்றுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தபோது எல்லாக் கடைகளும் இந்தச் சங்கடத்தைச் சந்தித்தன. கம்ப்யூட்டரில் பழைய விலை இருந்து, பாக்கெட்டில் குறைந்த விலை இருந்தால், நாம் அறியாமலே எம்.ஆர்.பி.க்கு மேல் விற்றவர்கள் ஆகிறோம். சட்டத்தின் முன் 'கம்ப்யூட்டர் அப்படிக் காட்டியது' என்பது பதில் ஆகாது.

வாரம் ஒருமுறை, அலமாரியிலிருந்து பார்க்காமல் எடுத்த 20 பொருட்களை ஸ்கேன் செய்து, பாக்கெட்டில் அச்சிட்ட எம்.ஆர்.பி.யோடு ஒப்பிடுங்கள். ஒன்று தவறினாலும் அந்தக் கம்பெனியின் எல்லாச் சரக்கையும் பாருங்கள். ஏனென்றால் ஒரே இன்வாய்ஸில் ஏற்றிய தவறு ஒன்றோடு நிற்பதில்லை.

இன்னொரு பார்கோடு வகையும் உண்டு. 20 முதல் 29 வரை உள்ள எண்களில் தொடங்குபவை கடைக்குள் மட்டும் பயன்படுத்தும் எண்கள். லேபிள் அடிக்கும் தராசு பருப்பை நிறுத்து, எடையையோ விலையையோ பார்கோட்டுக்குள்ளேயே அடைத்து ஒட்டுகிறது. இங்கே தராசு தவறினால் ஸ்கேனர் அந்தத் தவற்றை மிகச் சரியாகப் படித்துப் பில்லில் ஏற்றிவிடும். ஆகவே அடுத்து தராசுக்கு வருவோம்.

5. தராசின் தகட்டைப் படியுங்கள்

எலெக்ட்ரானிக் தராசின் தட்டுக்குக் கீழே 'லோடு செல்' என்ற உலோகத் துண்டு இருக்கிறது. பாரம் ஏறும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதன் மேல் ஒட்டிய மெல்லிய கம்பிச் சுருள்களின் மின்தடை மாறுகிறது. அந்த மாற்றத்தையே கருவி கிலோவாகக் காட்டுகிறது. மூட்டையைத் 'தொப்' என்று போட்டாலோ, தாங்கும் அளவுக்கு மேல் ஏற்றினாலோ இந்தத் துண்டு நிரந்தரமாக வளைந்துவிடும்; அதன் பிறகு காட்டும் எடை சரியாக இராது.

ஒவ்வொரு தராசிலும் ஒரு தகடு உண்டு. அதில் அதிகபட்ச எடை, குறைந்தபட்ச எடை, 'இ' என்ற சரிபார்ப்புப் பிரிவு, துல்லிய வகுப்பு ஆகியவை குறிக்கப்பட்டிருக்கும். மளிகைக் கடைகளில் பெரும்பாலும் இருப்பது மூன்றாம் வகுப்பு. இந்த வகுப்பில் குறைந்தபட்ச எடை என்பது பிரிவைப்போல் 20 மடங்கு. 30 கிலோ தராசின் பிரிவு 5 கிராம் என்றால் குறைந்தபட்சம் 100 கிராம். அதற்குக் கீழே அந்தத் தராசில் நிறுப்பது முறையன்று.

காரணம் எளிது. அந்தத் தராசு 5 கிராம் 5 கிராமாகத்தான் ஏறும். 50 கிராம் என்று காட்டும்போது உண்மை எடை 47.5 கிராமாகவும் இருக்கலாம், 52.5 கிராமாகவும் இருக்கலாம். ஏலக்காய் கிலோ 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2.5 கிராமின் மதிப்பு 7 ரூபாய் 50 காசு. யாரோ ஒருவருக்கு ஒவ்வொரு பொட்டலத்திலும் இந்த நஷ்டம். ஏலம், கிராம்பு, ஜாதிபத்திரி விற்பவர்கள் சிறு பிரிவுள்ள தனித் தராசு வைத்துக்கொள்வதே தகும்.

6. எவ்வளவு தவறு அனுமதி?

எந்தத் தராசும் அணுவளவும் பிசகாமல் காட்டாது. எவ்வளவு பிசகலாம் என்பதற்கு வரையறை உண்டு. மூன்றாம் வகுப்பு, 30 கிலோ, பிரிவு 5 கிராம் உள்ள தராசுக்கு அந்த வரையறை இப்படி:

— 2.5 கிலோ வரை: முத்திரையிடும்போது 2.5 கிராம், கடையில் பயன்படுத்தும்போது 5 கிராம்.
— 2.5 கிலோவுக்கு மேல் 10 கிலோ வரை: 5 கிராம், பயன்பாட்டில் 10 கிராம்.
— 10 கிலோவுக்கு மேல் 30 கிலோ வரை: 7.5 கிராம், பயன்பாட்டில் 15 கிராம்.

மொத்த வியாபாரிகளின் 300 கிலோ, பிரிவு 50 கிராம் உள்ள தராசுக்கு இதே கணக்கைப் பத்து மடங்காக்கிக் கொள்ளலாம். 50 கிலோ மூட்டைக்குப் பயன்பாட்டில் 100 கிராம் வரை. 60 டன், பிரிவு 10 கிலோ உள்ள லாரி எடைமேடைக்கு, 20 டன்னுக்கு மேல் பயன்பாட்டில் 30 கிலோ வரை. ஆகவே 30 டன் லாரிக்கு இரண்டு எடைமேடைகள் 40 கிலோ வித்தியாசமாகக் காட்டினால் உடனே சண்டைக்குப் போக வேண்டியதில்லை. ஒன்று கூடுதலாகவும் மற்றொன்று குறைவாகவும் இருந்து இரண்டுமே வரையறைக்குள் இருக்கலாம்.

ஆனால் வரையறைக்குள் இருக்கிறது என்று விட்டுவிடவும் கூடாது. தராசு கிலோவுக்கு 5 கிராம் குறைத்துக் காட்டினால் நாம் 5 கிராம் கூடுதலாகக் கொடுக்கிறோம். நாளொன்றுக்கு 150 கிலோ சில்லறையில் நிறுத்தால் 750 கிராம். மாதம் 22½ கிலோ. சர்க்கரை கிலோ 45 ரூபாய் என்று வைத்தாலும் ஆயிரம் ரூபாய்க்கு மேல். கூடுதலாகக் காட்டினால் அதே தொகை வாடிக்கையாளர் மடியிலிருந்து போகிறது. அவர் வீட்டில் ஒரு தராசு வைத்திருந்தால், போவது பணம் மட்டும் இல்லை, பத்து வருடப் பழக்கமும் சேர்ந்து போகும்.

7. தராசுக்கு ஐந்து சோதனைகள்

முத்திரையிட்ட எடைக்கற்கள் ஒரு செட் தனியாக வேண்டும்: 10 கிலோ, 5 கிலோ, 2 கிலோ, 1 கிலோ, 500 கிராம், அத்துடன் 1 கிராம், 2 கிராம் பித்தளைக் கற்கள். இவற்றைத் தினசரி வியாபாரத்துக்கு எடுக்கக் கூடாது. எண்ணெய்க் கையால் தொடக் கூடாது. உப்புப் பாக்கெட்டையோ நாணயத்தையோ எடைக்கல்லாகக் கொள்ளக் கூடாது. பாக்கெட்டிலும் ஏற்ற இறக்கம் உண்டு, உறையின் எடையும் சேரும். நாணயம் வெளியீட்டுக்கு வெளியீடு எடை மாறும், தேயவும் செய்யும்.

முதலில் தராசை ஆட்டமில்லாத மேசையில் வைத்து, நீர்க்குமிழி நடு வட்டத்தில் வரும்படி கால்களைத் திருகுங்கள். மின்விசிறிக் காற்று நேராகப் படக் கூடாது. சுவிட்சு போட்டு பத்து நிமிடம் விடுங்கள். தட்டுக்கு அடியில் வெல்லத் துணுக்கோ பருப்போ சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு:

(1) திரும்ப நிறுத்தல்: 5 கிலோக் கல்லை ஐந்து முறை வைத்து எடுங்கள். ஐந்து முறையும் ஒரே எடை வர வேண்டும். எடுத்ததும் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும்.

(2) மூலைச் சோதனை: தராசின் அளவில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 30 கிலோ தராசுக்கு 10 கிலோவை நடுவிலும் நான்கு மூலைகளிலும் வையுங்கள். எல்லா இடத்திலும் வரையறைக்குள் காட்ட வேண்டும். கீழே விழுந்த தராசு பெரும்பாலும் இதில்தான் மாட்டிக்கொள்ளும்.

(3) ஏற்ற இறக்கச் சோதனை: 500 கிராம், 2, 5, 10, 20 கிலோ என்று ஏற்றிக் குறித்துக்கொண்டு, அதே வரிசையில் இறக்கியும் குறியுங்கள். 1 கிலோவில் சரியாக இருக்கும் தராசு 20 கிலோவில் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

20 கிலோக் கற்கள் இல்லையே என்றால் கவலை வேண்டாம். 10 கிலோக் கற்களை வைத்துக் காட்டும் எடையைக் குறியுங்கள். கற்களை எடுத்துவிட்டு அதே எடை காட்டும் வரை அரிசிப் பையை ஏற்றுங்கள். இப்போது பைக்கும் கற்களுக்கும் எடை ஒன்று. அதே பையோடு கற்களையும் வைத்தால் 20 கிலோச் சோதனை ஆயிற்று.

(4) நுண் சோதனை: 1 கிலோக் கல் வைத்ததும் 1.000 என்று காட்டுகிறது. இது முழுச் சரியா? 1 கிராம் கற்களை ஒவ்வொன்றாகச் சேருங்கள். சரியான தராசில் 2.5 கிராம் சேர்ந்ததும் 1.005க்குத் தாவ வேண்டும்; 1 கிராம் கற்களாகச் சேர்த்தால் இரண்டு வரை நின்று மூன்றாவதில் தாவும். ஒரே கிராமில் தாவினால் அது ஏறக்குறைய 1.5 கிராம் கூடுதலாகக் காட்டும் தராசு. 4 கிராம் வரை தாவாமல் இருந்தால் ஏறக்குறைய 1.5 கிராம் குறைத்துக் காட்டுவது. திரை மறைப்பதை இந்தச் சோதனை வெளியே கொண்டுவரும்.

(5) கழிவுச் சோதனை: காலிப் பாத்திரத்தை வைத்து 'டேர்' பொத்தானை அழுத்தி, 1 கிலோக் கல்லைப் பாத்திரத்தில் போடுங்கள். 1 கிலோதான் காட்ட வேண்டும். எண்ணெய், நெய், இனிப்பு விற்போர் இதைத் தவறவிடக் கூடாது. பாத்திரத்தின் எடைக்கும் அட்டைப் பெட்டியின் எடைக்கும் காசு வாங்குவது குற்றம்.

மொத்த வியாபாரிகளுக்கு இன்னொரு சுலபச் சோதனை: பெரிய தராசில் சாக்குக் கழித்து 50 கிலோ காட்டிய துவரம்பருப்பை, மேசைத் தராசில் ஒரு கிலோவாகப் பிரித்தால் எத்தனை வருகிறது? சிந்தல் போக 49½ கிலோதான் வருகிறது என்றால், பையனைக் கோபிப்பதற்கு முன் இரண்டு தராசுகளையும் எடைக்கல்லில் சோதியுங்கள்.

8. ஊர் மாறினால் எடை மாறும்

பழைய தராசு சரக்கைக் கல்லோடு ஒப்பிட்டது. எங்கே கொண்டுபோனாலும் ஒன்றே. எலெக்ட்ரானிக் தராசு பூமி இழுக்கும் விசையை அளக்கிறது. அந்த இழுப்பு ஊருக்கு ஊர் சற்று மாறும். பூமத்திய ரேகையை நெருங்க நெருங்கவும், மலையேற ஏறவும் குறையும். டெல்லியில் சரிசெய்த தராசை அப்படியே சேலத்தில் வைத்தால் 10 கிலோவுக்குச் சுமார் 10 கிராம் குறைத்துக் காட்டும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குக் கொண்டுபோனால் 10 கிலோவுக்கு 2 முதல் 4 கிராம் வரை குறையும். 5 கிராம் பிரிவுத் தராசில் இது வெளியே தெரியாமலும் போகலாம். வடநாட்டிலிருந்து தபாலில் நேராகத் தராசு தருவிப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். விலை மலிவு என்று வாங்கி, உள்ளூரில் சரிசெய்து முத்திரையிடாமல் பயன்படுத்தினால் நஷ்டமும் நமக்கு, அபராதமும் நமக்கு.

9. முத்திரையும் சீலும்

நம் நாட்டில் 1958 அக்டோபரில் மெட்ரிக் எடைகள் புழக்கத்துக்கு வரத் தொடங்கின. வீசை, பலம், மணங்கு மெல்ல மறைந்தன. இப்போது நடைமுறையில் இருப்பது 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம்; 2011 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளது. தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறையின் அதிகாரிகள் நிறைவேற்றுகிறார்கள். எலெக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறையும், எடைக்கற்களுக்கும் பழைய கைத்தராசுக்கும் 24 மாதத்துக்கு ஒருமுறையும் மறுமுத்திரை வேண்டும். முத்திரைச் சான்றிதழை வாடிக்கையாளர் பார்க்கும்படி மாட்டி வையுங்கள்.

மேலே சொன்ன சோதனைகள் பிழையைக் கண்டுபிடிக்க மட்டுமே. பிழை தெரிந்ததும் ஸ்க்ரூ டிரைவர் எடுத்து நாமே திருகக் கூடாது. சீல் உடைந்த தராசு, சரியாகவே காட்டினாலும், முத்திரை இல்லாத தராசுதான். உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரைக் கூப்பிட்டுச் சரிசெய்து, மறுபடி முத்திரையிட்ட பிறகே மேசைக்குக் கொண்டுவர வேண்டும். அதுவரை அதை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். மேசையில் இருந்தால் யாராவது நிறுத்துவிடுவார்கள்.

10. ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

தினமும் கடை திறந்ததும்: பூஜ்யம், நீர்க்குமிழி, 1 கிலோக் கல். ஒரு நிமிட வேலை. வாரம் ஒருமுறை: விலைப் பட்டியலுக்கு 20 பொருள். மாதம் ஒருமுறை: தராசின் ஐந்து சோதனைகள், ஸ்கேனரின் மூன்று சோதனைகள். தராசு கீழே விழுந்தாலும், இடம் மாற்றினாலும், எலி கடித்தாலும் அன்றே முழுச் சோதனை.

ஒவ்வொன்றையும் தேதி, வைத்த எடை, காட்டிய எடை, சோதித்தவர் பெயர் என்று நோட்டில் எழுதுங்கள். ஒரு நாள் எண்ணால் தெரியாதது ஆறு மாத எண்களை வரிசையாகப் பார்த்தால் தெரியும். ஜனவரியில் 20.000, மார்ச்சில் 20.005, மே மாதம் 20.010 என்று ஏறிக்கொண்டே போனால், இன்னும் வரையறைக்குள் இருந்தாலும் லோடு செல் தளர்கிறது என்று பொருள்; வரையறையைத் தாண்டும் வரை காத்திருக்க வேண்டாம். அதிகாரி வந்தாலும், வாடிக்கையாளர் சந்தேகம் கேட்டாலும், இந்த நோட்டைக் காட்டி, அவர் முன்பாகவே ஒரு கல்லை வைத்துக் காட்டலாம். அந்தக் கல்லை எப்போதும் மேசை மேல் வாடிக்கையாளர் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கும் கடைகள் நம் பகுதியில் உண்டு. சந்தேகம் உள்ளவர் தாமே எடுத்து வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அதைப் பார்த்த பிறகு அங்கே எடை பற்றிப் பேச்சு எழுவதில்லை.